ஹெரான் ரிட்ஜ் குளத்து நீரூற்றுக்காரர்

டெல்மர் ஹாஃப்ஸ்டாட் தன் ஆயுளில் எதற்கும் முதல் தடவை கேட்டதும் சரி என்று சொன்னதில்லை. காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். இப்போதுதான் போட்டது என்றால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். எப்படியும் மிச்சத்தைக் கொட்டத்தான் போகிறேன் என்று மூன்றாவது தடவையும் சொன்னால், அப்படியானால் அரைக் கோப்பை, சும்மா நாக்கை நனைக்க, என்று உட்கார்ந்து இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போவார். மினசோட்டாவில் இதற்குப் பெயர் மரியாதை. முதல் தடவை கேட்டதும் கோப்பையை நீட்டுகிறவனை அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அவன் எழுந்து போன பிறகு, நல்ல பசியில இருந்தான் போல, என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு அந்தத் தெருவில் பெண் கிடைக்காது.

டெல்மருக்கு வாழ்க்கையில் கிடைத்ததெல்லாம் இந்த வழியில் கிடைத்ததுதான். மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரி வேலை காலியானபோது அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என்னைவிட நல்ல ஆள் இருப்பாங்களே என்றார். மறுநாள் கேட்டார்கள். எனக்கு அந்த அளவுக்குத் திறமை போதாதே என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது, வேறு வழியில்லாமல் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற முகத்தோடு ஒத்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை அடுத்தவன் தொடவிடாமல் பார்த்துக்கொண்டார். லூத்தரன் தேவாலயத்தில் மூப்பர் பதவியும் அதே மாதிரி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே வாங்கியது. ஆசைப்பட்டது கிடைக்க வேண்டும், ஆசைப்பட்டது மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது. இதுதான் அவருடைய மொத்தத் தத்துவமும்.

ஓய்வுக்குப் பிறகு அவரும் மனைவி லவோனும் ஹெரான் ரிட்ஜ் குடியிருப்புக்கு வந்தார்கள். அங்கே ஒரு குளம் உண்டு. வீடு கட்டிய கம்பெனி மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தோண்டிவிட்டுப் போன பள்ளம் அது. ஆனால் மினசோட்டாவில் ஏரிக்கரையில் வீடு இல்லாதவனுக்கு நாலு பேர் நடுவில் பேச வாய் வராது. ஆகையால் பள்ளம் ஏரியாயிற்று. ஏரிக்குக் கோடையில் பச்சைப் பாசி பிடித்தது, நாற்றம் எடுத்தது, காட்டு வாத்துகள் குடும்பத்தோடு வந்து கரை முழுக்க அசிங்கம் செய்தன. நடுவில் ஒரு நீரூற்று வைத்தால் பார்க்கிறவர்கள் கண் மேலே போகும், பாசி தெரியாது என்று குடியிருப்போர் சங்கத்தில் யாரோ சொன்னார்கள். நீரூற்று வந்தது. குளத்தடியிலிருந்து காற்றுக் குமிழி விட ஒரு ஏரேட்டரும் கூடவே வந்தது, மீன்கள் மூச்சுமுட்டிச் சாகாமல் இருக்க.

மினசோட்டாவில் நீரூற்று வைப்பது ஒரு வேலை, அதை வருஷா வருஷம் எடுத்துப் போட்டுக் காப்பாற்றுவது ஏழு வேலை. குளிர்காலத்தில் குளம் பாறையாக உறைந்துவிடும். அதற்கு முன்னால் நீரூற்றை வெளியே இழுத்துவிட வேண்டும். ஐஸ் மெலிந்து யாராவது உள்ளே போய்விடக்கூடாது என்பதால் ஏரேட்டரையும் நிறுத்திவிட வேண்டும். வசந்தத்தில் ஐஸ் உருகியதும் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, சரிபார்த்து, மறுபடி இறக்க வேண்டும். இதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. சங்கம் டெல்மரைக் கேட்டது. எத்தனை தடவை கேட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து டெல்மர்தான் குளத்துக்கு அதிபதி. இலையுதிர் காலத்தில் படகில் போய் நீரூற்றைக் கட்டி இழுத்து வருவார். அதைத் தன் வீட்டு கராஜில், ஹீட்டர் போட்டு வைத்த கராஜில், பழைய கம்பளி மேல் படுக்க வைப்பார். கராஜில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஆகவே கார் வெளியே பனியில் நிற்கும். காலையில் லவோன் கையுறை போட்டுக்கொண்டு காரின் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே நீரூற்று கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருக்கும். தெருவில் போகிறவர்கள் இதைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை. அந்த ஊரில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஜனவரி முழுக்க அவருக்குக் கொண்டாட்டம். தண்ணீர் உறிஞ்சும் வலையில் ஒட்டிய நத்தைகளைச் சுரண்டுவார். மோட்டார் மேல் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க, லவோன் ஊறுகாய் போடும் பெரிய பாத்திரத்தில் வினிகரை ஊற்றி ஊறவைப்பார். தண்ணீர் பீய்ச்சும் மூக்கை ஒரு பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்ப்பார். அது யாருடைய பிரஷ் என்று லவோன் ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் கேட்காமலே கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தாள். நீரெலி கடித்திருக்கிறதா என்று ஒயரை அங்குலம் அங்குலமாக விரலால் தடவுவார். ஏரேட்டரின் கம்ப்ரசரைக் கழற்றி வடிகட்டியை மாற்றுவார். குமிழி விடும் ரப்பர் தட்டுகள் குளத்தடியிலேயே கிடக்கும். எது எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், அதில் அவருக்கு ஒரு பெருமை. கராஜ் கதவு திறந்திருக்கும்போது யாராவது அந்தப் பக்கம் போனால் தொலைந்தார்கள். மோட்டாருக்குள் எண்ணெய் எப்படிக் கசியும், கசிந்தால் எப்படித் தெரியும் என்று நாற்பது நிமிஷம் நிற்க வைத்துவிடுவார்.

எதிர்வீட்டு கேலன் ப்ரீபி மட்டும் தப்பிக்கத் தெரிந்தவர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், நாய்களிடமிருந்து தப்பித்துப் பழகியவர். ஒருநாள் டெல்மரின் பிரசங்கத்தை நடுவில் வெட்டிக் கேட்டார்: "மேல போற தண்ணி கீழதானப்பா வருது, டெல்மர். இதுல என்ன வித்தை?"

டெல்மர் ஒரு வாரம் அவரோடு வானிலை பற்றி மட்டும் பேசினார். அங்கே அதுதான் கோபம்.

பிப்ரவரியில் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம் நடக்கும். அதில் டெல்மர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் சடங்கு ஒன்று உண்டு. தலைவர் எழுந்து, டெல்மர், இந்த வருஷமும் குளத்தை நீங்களே பார்த்துக்கொள்வீர்களா என்பார். சின்ன வயசுக்காரங்க யாராவது செய்யட்டுமே என்பார் இவர். தலைவர், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்பார். முதுகு முன்ன மாதிரி இல்ல என்பார் இவர். தலைவர் கூட்டத்தைப் பார்ப்பார், கூட்டம் தரையைப் பார்க்கும், தலைவர் மூன்றாவது தடவை கேட்பார். சரி, வேற யாரும் இல்லேன்னா, என்று டெல்மர் சலித்துக்கொள்வார். எல்லாரும் லேசாகக் கை தட்டுவார்கள். அன்றைக்குச் சாப்பாடு அவருக்கு இரண்டு மடங்கு இறங்கும்.

இந்த வருஷம் தலைவி புதிது. ஜீனைன் பெட்ரிலோ, நியூ ஜெர்சியிலிருந்து வந்தவள். அவள் தலைவியானதே ஒரு விபத்து. தலைவராக இருக்க யாருக்காவது விருப்பமா என்று கேட்டார்கள், அவள் கையைத் தூக்கிவிட்டாள். முதல் தடவை கேட்டதுமே. அப்படி நடந்தால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, ஆகையால் அவளே தலைவியாகிவிட்டாள்.

அந்த ஜீனைன் எழுந்து, "டெல்மர், இந்த வருஷமும் பவுண்டனை நீங்கதானே பாத்துக்கறீங்க?" என்று கேட்டாள்.

டெல்மர் கால்மேல் போட்ட காலை எடுத்துக் கீழே வைத்தார். "சின்ன வயசுக்காரங்க யாராவது செய்யட்டுமே."

"அப்படியா? சரி," என்றாள் ஜீனைன். "இத்தனை வருஷம் தனி ஆளா செஞ்சிருக்கீங்க, ரொம்ப நன்றி. நிம்மதியா ஓய்வெடுங்க. நான் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டுக்கறேன். அடுத்தது, தபால் பெட்டிகளுக்கு என்ன பெயிண்ட் அடிக்கறது?"

முதுகைப் பற்றிய இரண்டாவது வாக்கியம் டெல்மரின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொல்ல இப்போது யாரும் இடம் விடவில்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். கேலன் தன் ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் இருமினாள். ஜீனைனுக்கு ஒரே ஒரு வார்த்தை, மறுபடி கேளுங்க என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் டெல்மர் ஆசைப்பட்டார் என்று அர்த்தமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரனை அப்படி அவமானப்படுத்த அந்த நல்ல மனிதர்கள் யாருக்கும் மனசு வரவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து தபால் பெட்டிக்குப் பழுப்பா பச்சையா என்று விவாதித்து டெல்மரைக் குழியில் இறக்கினார்கள்.

காரில் வரும்போது லவோன் சொன்னாள்: "நாளைக்குப் போய் அவங்ககிட்ட சொல்லிடேன்."

"என்னன்னு?"

"எனக்கு வேணும்னு."

துணியில்லாமல் நடுத்தெருவில் நடந்து போ என்று சொன்ன மாதிரி டெல்மர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வீடு வரும்வரை ரோட்டில் உப்பு சரியாகத் தூவவில்லை என்பதைப் பற்றிப் பேசினார்.

அவர் கணக்கு வேறு. ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது. நியூ ஜெர்சிக்காரி, கொஞ்சம் மெதுவாகத்தான் வழிக்கு வருவாள். அதனால் டெல்மர் ஒன்றுமே நடக்காத மாதிரி கராஜுக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்த்தார். நீரூற்றைத் தாங்கும் மிதவையின் அடிப்பக்கத்தை, எந்த மனிதனும் பார்க்கப் போகாத பக்கத்தை, பாலிஷ் போட்டார். ஒயர் முழுவதையும் இரண்டு தரம் தடவிப் பார்த்தார். குளத்தில் ஐஸ் கறுக்க ஆரம்பித்தது, ஓரங்களில் விட்டுப்போனது. தினமும் காலையில் சன்னலில் நின்று பார்த்துவிட்டு, இந்த வாரம் வருவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஏப்ரலில் வந்தாள். தனியாக வரவில்லை. பின்னால் ஒரு லாரி, அதில் தாடி வைத்த ஒரு ஆளும் அவன் கூட்டாளியும். ஜீனைன் கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள். நீரூற்று கல்யாணப் பாத்திரம் போலப் பளபளத்தது.

"இதை உயிரா வச்சிருக்கீங்க போல," என்றாள். "நிஜமாவே குடுத்துடறீங்களா? இப்பக்கூடச் சொல்லுங்க, இவங்களைத் திருப்பி அனுப்பிடறேன்."

டெல்மர் மனசுக்குள் எண்ணிக்கொண்டார். இரண்டாவது. வந்துவிட்டது. இனி ஒரே ஒரு படிதான். அவர் முகத்தைச் சுளித்து, இடுப்பில் கைவைத்து, பிப்ரவரியில் சொல்ல முடியாமல் போன வாக்கியத்தை எடுத்து வெளியே விட்டார். "முதுகு முன்ன மாதிரி இல்ல."

"அடடா, முதுகா?" ஜீனைனுக்கு நிஜமாகவே மனசு உருகிவிட்டது. "ஏன் முன்னாடியே சொல்லல? எங்க வீட்டுக்காரருக்கும் இதே தொந்தரவுதான். டவுன்ல ஒரு டாக்டர் இருக்கார், தங்கமான கை. நம்பர் தரேன். நீங்க தூக்காதீங்க, தள்ளி நில்லுங்க."

தாடிக்காரன் பெரியவரை ஜாக்கிரதையாகத் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். நீரூற்று லாரியில் ஏறியது. டெல்மர் தூணைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். வாய் விட்டுச் சொல்லிவிட்டதால், அதற்குப் பிறகு தெருவில் நடக்கும்போதெல்லாம் அவர் கொஞ்சம் கூனிக்கொண்டே நடக்க வேண்டியதாயிற்று. தேவாலயத்தில் அவர் முதுகுக்காக ஜெபம் செய்தார்கள். அதற்கும் அவர் வேண்டாம் வேண்டாம் என்றார்.

ஆனால் மனிதர் கடைசி ஆயுதத்தைக் கையில் வைத்திருந்தார். குளக்கரையில் இருக்கும் சுவிட்ச் பெட்டியின் சாவி அவர் கோட்டுப் பையில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏரேட்டரின் தட்டுகள் குளத்தடியில் எங்கே கிடக்கின்றன என்பதும் அவர் மண்டைக்குள் கிடந்தது. அதையும் யாரும் கேட்கவில்லை. கேட்டுத்தானே ஆக வேண்டும். சாவி இல்லாமல் என்ன செய்வார்கள்? கலங்கிய குளத்தில் எங்கே போய்த் தேடுவார்கள்? அவருடைய வாசல் மணியை அடித்தே தீர வேண்டும். கம்பெனி ஆட்கள் குளத்துக்கு வந்த அன்று டெல்மர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முகம் சவரம் செய்து, சமையலறைச் சன்னலுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தாடிக்காரன் பூட்டைப் பார்த்தான். லாரிக்குப் போனான். ஒரு பெரிய வெட்டுக்கத்தரியோடு வந்து பூட்டை நறுக்கினான். பிறகு கம்ப்ரசரைப் போட்டுவிட்டுக் கரையில் நின்று சிகரெட் பற்றவைத்தான். கொஞ்ச நேரத்தில் குளத்தில் அங்கங்கே குமிழி கிளம்பியது. குமிழி கிளம்பிய இடத்தில்தானே தட்டு இருக்கும். படகில் போய் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆரஞ்சு மிதவையைக் கட்டிவிட்டு வந்தான். டெல்மர் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் ஒரு சிகரெட் எரியும் நேரத்துக்குக்கூடத் தாங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது என்றார் லவோனிடம். குளிர்காலம் முழுக்க அடியில் தேங்கிக் கிடந்த கெட்ட தண்ணீரை ஒரேயடியாகக் கலக்கிவிட்டால் மீனெல்லாம் செத்து மிதக்கும். முதல் நாள் ஏரேட்டரைக் கொஞ்ச நேரம்தான் போட வேண்டும், பிறகு மெதுவாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இது அவனுக்குத் தெரிந்திருக்காது. பாரு, நாளைக்குக் காலையில் கரை முழுக்க வெள்ளை வயிறாக மிதக்கும், அப்போது வருவாள் ஓடி. மறுநாள் விடிந்ததும் டெல்மர் கூனுவதைக்கூட மறந்து குளக்கரைக்கு நடந்தார். தாடிக்காரன் முதல் நாள் கொஞ்ச நேரத்திலேயே நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தான். ஒரு மீன்கூட டெல்மருக்கு ஒத்துழைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலச் சாப்பாட்டில் அவர் பொங்கினார். லவோன் இறைச்சி உருண்டையும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தாள். இன்னொரு உருண்டை வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். ரெண்டே ரெண்டுதான் மிச்சம் என்றாள். நீ சாப்பிடு என்றார். எனக்குப் போதும் என்றாள், சரி போடு என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தட்டில் ஒவ்வொரு இரண்டாவது உருண்டையும் இப்படித்தான் விழுந்திருக்கிறது.

"ஒரு மனுஷனை ரெண்டே தடவை கேட்டுட்டு விட்டுடறதா?" என்றார் டெல்மர் வாயில் உருண்டையோடு. "அதுவும் ரெண்டாவது தடவை டாக்டர் நம்பர் குடுக்கறா. இது என்ன வளர்ப்பு? ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா அவன் மனசுல என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?"

லவோன் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ என்னை எத்தனை தடவை கேப்ப?"

"எதுக்கு?"

"எதுக்குன்னாலும்தான். டான்ஸுக்குக் கூப்பிட்டப்ப மூணு தடவை கேட்ட. கட்டிக்கறியான்னு மூணு தடவை கேட்ட. அதுக்கப்புறம் என்னை எதையுமே நீ ரெண்டாவது தடவை கேட்டதில்ல, டெல்மர்."

"நீதான் வேண்டாம்னு சொல்லிடுவியே."

"ஆமா. நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்."

டெல்மர் உருளைக்கிழங்கை மசித்தார். ஏற்கெனவே மசிந்திருந்த உருளைக்கிழங்கு அது.

"முதல் வருஷம் கேட்ட, காரை உள்ள விடட்டுமா, பவுண்டனை வேற எங்கயாவது வெக்கட்டுமான்னு," என்றாள் லவோன். குரலை உயர்த்தவில்லை, அங்கே யாரும் உயர்த்துவதில்லை. "பரவால்ல, அதுவே இருக்கட்டும்னேன். சரின்னு போயிட்ட. அன்னிலேர்ந்து நான் ஐஸ் சுரண்டறேன்."

 டெல்மர், உருண்டை நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னார். பிறகு எழுந்து கராஜுக்குப் போனார். அங்கே கம்பளி மட்டும் கிடந்தது, வினிகர் நாற்றம் அடித்தது. காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். கராஜ் காலியாகக் கிடந்தது, மே மாதம் நெருங்கிவிட்டது, வெளியே பனியும் இல்லை. அதைப் பெரிய மனசு என்று யாராலும் சொல்ல முடியாது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் நீரூற்றைத் திறந்துவைப்பது வழக்கம். ஹெரான் ரிட்ஜ் மொத்தமும் குளக்கரைக்கு மடக்கு நாற்காலியோடு வந்துவிடும். மேலே உருளைக்கிழங்குத் துண்டு அடுக்கிச் சுட்ட இறைச்சித் தட்டுகள் ஆறு வந்திருந்தன, ஆறும் ஒரே ருசி. எலுமிச்சை பார் என்கிற இனிப்பும் ஒரு பெரிய தட்டு நிறைய வந்திருந்தது. கடைசித் துண்டை எடுப்பவன் பேராசைக்காரன் என்பது அந்த ஊர்ச் சட்டம். ஆகவே கடைசித் துண்டு வந்ததும் ஒரு அம்மாள் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்தாள். அடுத்தவள் மிச்சத்தைப் பாதியாக வெட்டினாள். கேலன் அதில் பாதி. நகக்கண் அளவு ஆகும்வரை வெட்டினார்கள். அந்த நகக்கண்ணை ஜீனைன் நடந்து போகிற போக்கில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இதை யார் செஞ்சது, பிரமாதம், என்றாள். மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

பிறகு அவள் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினாள். இத்தனை வருஷம் இந்தக் குளத்தைக் காப்பாற்றியவர் டெல்மர் என்றாள். கம்பெனிக்காரர்களே இவ்வளவு சுத்தமான மோட்டாரைப் பார்த்ததில்லை என்று சொன்னார்களாம். எல்லாரும் கை தட்டினார்கள். டெல்மர் தரையைப் பார்த்தார், காது மடல் சிவந்தது. அவர் வருஷக்கணக்கில் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான்.

"அதனால டெல்மர்தான் இன்னிக்கு இந்த சுவிட்சைப் போடணும்," என்றாள் ஜீனைன். "வர்றீங்களா?"

டெல்மர் மனசுக்குள் மளமளவென்று கணக்குப் போட்டார். பிப்ரவரியில் ஒன்று, கராஜில் ஒன்று, இது மூன்றாவது. மூன்றாவது என்றால் எழுந்து போகலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த இரண்டும் குளத்து வேலைக்காகக் கேட்டது. இது சுவிட்சுக்காகக் கேட்பது. கேள்வி வேறாக இருந்தால் கணக்கும் முதலிலிருந்துதானே தொடங்கும்? அப்படியானால் இது முதல் தடவை. முதல் தடவையே எழுந்து ஓடினால் தெரு என்ன நினைக்கும்? கேலன் பார்த்துக்கொண்டிருக்கிறார். கால்கள் எழுந்து போகத் துடித்தன, வாய் தன் வேலையைச் செய்தது.

"வேண்டாம் வேண்டாம். வேற யாராவது போடட்டுமே."

"சரி," என்றாள் ஜீனைன். ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "லவோன், நீங்க போடறீங்களா?"

"ஓ, போடறேனே," என்றாள் லவோன்.

 லவோன் மடியில் இருந்த தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், புல்மேல் நேராக நடந்து போனாள். அவள் நடந்ததை அந்த ஊர் ரொம்ப காலம் பேசப் போகிறது. சுவிட்சை அழுத்தினாள். மோட்டார் முனகியது, குளத்து நடுவில் தண்ணீர் கொப்பளித்தது, பிறகு ஒரே வீச்சாக மேலே போனது. போன வருஷத்தைவிட உயரமாகவே போனது. காற்று திரும்பி சாரல் அவள் மேல் அடித்தது, அவள் நகரவில்லை. கேலன்தான் முதலில் கை தட்டினார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது லவோனின் முடியெல்லாம் ஈரம், முகம் சிவந்திருந்தது. டெல்மருக்கு நீரூற்றைப் பார்க்க முடியவில்லை, அவளையும் பார்க்க முடியவில்லை.

"முதல் தடவையே சரின்னுட்டியே," என்றார் தணிந்த குரலில்.

"கேட்டாங்க. எனக்கும் ஆசையா இருந்துச்சு." லவோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இன்னொண்ணும் சொல்லணும். ஜீனைனோட அக்காவுக்கு அரிசோனால வீடு இருக்காம். ஜீனைன் ஒவ்வொரு ஜனவரியும் அங்க போயிடறா. இந்தத் தடவை நீங்களும் வாங்களேன், ரூம் காலியாத்தான் கெடக்குன்னு என்னைக் கேட்டா. வரேன்னுட்டேன்."

"எப்ப கேட்டா?"

"போன வாரம்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

மேசைப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. டெல்மர் வரப்போகும் குளிர்காலத்தை யோசித்துப் பார்த்தார். கராஜில் நீரூற்று இருக்காது. சமையலறையில் லவோன் இருக்கமாட்டாள். யாரும் இன்னொரு உருண்டை வேண்டுமா என்று கேட்கமாட்டார்கள்.  அந்த மோட்டாரும் மிதவையும் எக்கேடோ கெட்டுப் போகட்டும், இவள் இல்லாமல் ஒரு ஜனவரியை எப்படிக் கழிப்பது என்று நிஜமாகவே பயந்தார்.

லவோன் அவர் பக்கம் திரும்பினாள். "நீயும் வர்றியா, டெல்மர்? ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

வரேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனியில் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு, அறுபத்தெட்டு வருஷம் பழகிய இன்னொன்று முன்னால் வந்துவிட்டது.

"எனக்கெதுக்கு? நீ போயிட்டு வா. வீட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். முழங்காலைத் தடவினார், புல்லைப் பார்த்தார், இரண்டாவது கேள்விக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார். லவோன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி," என்றாள். பிறகு எழுந்து, காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு, ஜீனைன் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த பக்கம் போனாள்.